விண்டோஸ் 11க்கு மாறியதும் டார்க்டேபிள் நத்தையாகிவிட்டதா?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டே என் மடிக்கணினியை 11க்கு மாற்றினேன். மறுநாள், கொட்டாஞ்சேனையில் எடுத்த ஒரு சாமத்திய வீட்டுப் படங்களை, டார்க்டேபிள் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஏற்றுமதிக்குக் கொடுத்தேன், அதாவது திருத்திய படங்களைச் சாதாரணப் படக்கோப்புகளாக மாற்றித் தரச் சொன்னேன். வழமையாக நான்கு நிமிடத்தில் முடியும் ஐம்பது ரோ கோப்புகள் (கமரா பதிவுசெய்த மூலக் கோப்புகள்), நான் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வந்த பிறகும் பாதியைத் தாண்டவில்லை. டார்க்டேபிளை மூன்று முறை நீக்கி, மூன்று முறை நிறுவினேன். பாவம், அதில் ஒரு குற்றமும் இல்லை.

உங்கள் கணினி 11ஐ ஏற்குமா என்பதை இங்கே விளக்கப்போவதில்லை. ஏற்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

மாற்றுவதற்கு முன்

இருபது ரோ கோப்புகளைத் தனிக் கோப்புறையில் போட்டு ஏற்றுமதி செய்து, எடுத்த நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். இந்த எண் இல்லாவிட்டால் பின்னர் வேகம் குறைந்ததா, மனப்பிரமையா என்று தெரியாது.

படங்களை வெளி வன்தட்டில் பிரதியெடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் எக்ஸ்எம்பி கோப்புகளையும் சேர்த்தெடுங்கள். நீங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

கிராபிக்ஸ் அட்டையை விண்டோஸ் இயக்க உதவும் 'டிரைவர்' மென்பொருளை, அந்த அட்டையின் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி வையுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

மாற்றும்போது

இரவு நேர டேட்டா இருந்தால் நள்ளிரவுக்குப் பின் தொடங்குங்கள். மின்னேற்றியைக் கழற்றாதீர்கள். மழை இடியோடு வரும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

மாற்றிய பின்

முதல் நாள் எதையும் அளக்காதீர்கள். தேடலுக்கான அட்டவணை போடுவது, வைரஸ் சோதனை என்று கணினி பின்னணியில் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். ஓர் இரவு முழுவதும் இயங்கவிட்டு, அதே இருபது கோப்புகளை மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள். நேரம் கொஞ்சம் கூடியிருந்தால், பவர் மோட் மின்சேமிப்பில் நிற்கிறதா என்று பாருங்கள். பல மடங்கு கூடியிருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'டிஸ்பிளே அடாப்டர்ஸ்' என்பதை விரியுங்கள். உங்கள் அட்டையின் பெயருக்குப் பதிலாக 'பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் வியாதி பிடிபட்டுவிட்டது. திரை தெளிவாகத்தான் தெரியும், காணொளியும் ஓடும். அதனால்தான் எனக்கு மூன்று மாலைகள் சந்தேகமே வரவில்லை. ஆனால் இந்தப் பொதுவான டிரைவரில் ஓபன்சிஎல் கிடையாது. இரைச்சல் நீக்குவது போன்ற கனமான வேலைகளை டார்க்டேபிள் அதன் வழியாகத்தான் கிராபிக்ஸ் அட்டைக்கு அனுப்புகிறது. வழி அடைபட்டால் சத்தமில்லாமல் சிபியூவிடம் கொடுத்துவிடும். படம் கெடாது, உங்கள் பொழுதுதான் போகும்.

இறக்கி வைத்த டிரைவரை நிறுவி, கணினியை மீள இயக்குங்கள். பிறகு டார்க்டேபிளின் விருப்பத்தேர்வுகளில் 'பிராசஸிங்' பகுதிக்குப் போங்கள். ஓபன்சிஎல் கட்டத்தைத் தொட முடிந்தால் வெற்றி. அடையாளமிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். எனக்குப் பழைய நான்கு நிமிடம் திரும்பி வந்தது.

விண்டோஸில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி'யை அணைத்தால் வேகம் கூடும் என்று பல காணொளிகள் சொல்கின்றன. கூடலாம், ஆனால் நான் அணைப்பதில்லை. அது பாதுகாப்புக்காக இருப்பது. அதே கணினியில்தான் என் வங்கிக் கணக்கையும் திறக்கிறேன். எதுவுமே சரிவராவிட்டால் பத்து நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதுவரை இடம் போதவில்லை என்று, பழைய விண்டோஸ் இருக்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' கோப்புறையை அழித்துவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை 1: டிரைவர் போட்ட பிறகும் டார்க்டேபிள் திறக்கவே நேரமெடுக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். புதிய டிரைவருக்கேற்ப ஓபன்சிஎல் நிரல்களை அது ஒருமுறை தொகுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: மாற்றிய பின் முகங்கள் மஞ்சள் பூசியது போலத் தெரிவதாக வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். திரைக்கு அளவுதிருத்தம் செய்த நிறக்கோப்பு கழன்றிருக்கலாம். 'கலர் மேனேஜ்மென்ட்' என்று தேடித் திறந்து, உங்கள் திரையைத் தெரிவுசெய்து, பழைய ஐசிசி கோப்பை மீண்டும் சேருங்கள். அதைச் செய்யாமல் படத்தின் மஞ்சளைக் குறைத்தீர்களானால், அல்பம் அச்சாகி வரும்போது பிள்ளையின் முகம் நீலம் பாரித்திருக்கும்.