பழைய ஹெவி மெட்டல் ரெக்கார்டு சேர்ப்பது எப்படி? சென்னையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

1. பிளேயர் முதலில், ரெக்கார்டு பிறகு

கடையில் பளபளவென்று கிடைக்கும் சூட்கேஸ் பிளேயர் வேண்டாம். அதன் ஊசி அளவுக்கு மீறிய எடையோடு தட்டில் இறங்கி, பள்ளத்தைத் தேய்த்துவிடும். ஊசியின் எடையைத் திருகிச் சரிசெய்யும் வசதி உள்ள டர்ன்டேபிள் பாருங்கள். ஊசியைத் தாங்கும் சிறு பாகம்தான் கார்ட்ரிட்ஜ்; பல கார்ட்ரிட்ஜ்களுக்கு 2 கிராம் அளவில் வைத்தால் போதும். சரியான எண் அதன் பெட்டியிலேயே இருக்கும். கூடவே ஒரு போனோ பிரீஆம்ப் அவசியம். தட்டில் பாட்டைப் பதியும்போது பேஸை, அதாவது தாழ்ந்த ஓசையை, குறைத்துத்தான் பதிவார்கள். அதைத் திரும்ப ஏற்றித் தருவது இந்தப் பெட்டிதான். அது இல்லாமல் மெட்டல் கேட்பது உப்பில்லாத சாம்பார். பெல்ட், வயர் போன்றவற்றுக்கு ரிச்சி தெருவில் ஒரு சுற்று வாருங்கள்.

2. தேடும் இடம்

பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது. கடைகள் சென்ட்ரல் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. நான் தொடங்கியது அங்கேதான். கடைக்காரரிடம் "ஹெவி மெட்டல் இருக்கா?" என்று கேட்காதீர்கள். "இங்கிலீஷ் தட்டு எல்லாத்தையும் எடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். போனி எம், அப்பா (ABBA) போன்ற பாப் குழுக்களின் தட்டுகளுக்கு நடுவில்தான் பிளாக் சப்பாத் என்ற மெட்டல் குழுவின் தட்டு ஒளிந்திருக்கும். பல நாள் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அதனால் ஒன்றுமில்லை, மறுபடி போங்கள்.

3. வாங்கும் முன்

உறைக்குள் அதே தட்டுதான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை பார்க்காமல் வாங்கி, வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே பக்திப் பாடல். பிறகு வெயில் விழும் இடத்தில் தட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் தொல்லை தராது. தட்டுப்பட்டால் 'டக் டக்' என்று கேட்கும். கண்மட்டத்தில் வைத்து வளைந்திருக்கிறதா பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் நம் ஊர் ஈரத்தில் வந்த பூஞ்சை. லேசாக இருந்தால் கழுவிவிடலாம்.

4. தட்டைப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்றுப் பகுதியில் சிறிய எழுத்துகள் பொறித்திருக்கும். எந்த மாஸ்டரிலிருந்து, அதாவது எந்த மூலப் பதிவிலிருந்து, எடுத்த அச்சு என்பதை அதுதான் சொல்லும். லேபிளும் பேசும். 1970 பிப்ரவரி 13-ல் வெளிவந்த பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தின் இங்கிலாந்து முதல் அச்சில், வெர்டிகோ நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைச் சுழல் இருக்கும். அதன் விலை நமக்கு எட்டாது. 'மேட் இன் இந்தியா' என்று போட்ட பழைய அச்சுகளைத் தேடுங்கள் என்பேன். அவை இந்த நாட்டு ரசிகர்களுக்காகவே அச்சானவை. யாரோ ஒருவர் உறையில் பேனாவால் பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள்.

5. கழுவுதல், வைத்தல்

டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட், மைக்ரோஃபைபர் துணி. பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடையுங்கள். லேபிளில் தண்ணீர் படக்கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்து, நிழலில் காயவையுங்கள். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையின் பரண் கூடவே கூடாது; மே மாதச் சூட்டில் தட்டு அப்பளம்தான்.

6. வீட்டாரையும் கூப்பிட்டுக் கேளுங்கள்

அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவின் 1984 ஆல்பமான 'பவர்ஸ்லேவ்' ஒரு விமானப் போர்ப் பாட்டோடு தொடங்கும். 1940-ல் இங்கிலாந்து வானில் நடந்த சண்டை அது. அதைப் போட்டபோது நான் சொன்ன கதையைக் கேட்டுப் பாட்டி, எம்டன் கதையை எடுத்தார். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. பாட்டி அதைத் தன் அப்பா வாயால் கேட்டவர். வீட்டில் வாலுப் பையனை "சரியான எம்டன்" என்று திட்டுவது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் என் தங்கைக்குத் தெரிந்தது.

மாமா கதை வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவர்; ஒரு விரல் நுனி அங்கேயே போயிற்று. பாட்டைப் போடும் முன் அவரிடம் பிளாக் சப்பாத்தின் கிதார் கலைஞர் டோனி ஐயோமியைப் பற்றிச் சொன்னேன். பர்மிங்காம் தகரத் தொழிற்சாலையில் 17 வயதில், வேலையை விடவிருந்த கடைசி நாளில், வலது கையில் இரண்டு விரல் நுனி போனது. இடது கைக்காரர் என்பதால் கிதார் கம்பியை அழுத்தும் கையே அதுதான். தொழிற்சாலை மேலாளர் அவருக்கு ஒரு ரெக்கார்டு கொடுத்தார்: தீ விபத்துக்குப் பிறகு இரண்டு விரலால் தனி வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு. ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனி செய்து, தோல் ஒட்டி, மறுபடி வாசித்தார். 1971-ல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு விரல் நோகாமல் இருக்கக் கம்பியைத் தளர்த்தினார். சுருதி இறங்கி, ஓசை கனத்தது.

பிறகு ஊசியை இறக்கினேன். மாமா முழுப் பக்கமும் பேசாமல் கேட்டார். அடுத்த ஞாயிறு அவரே போன் செய்தார். "அந்த வெரல் போனவன் தட்ட இன்னொரு தடவை போடுறியாடா? உன் அத்தையையும் கூட்டிட்டு வரேன்."