எல்லா மெஷினும் ஓடுகிறது, ஆர்டர் மட்டும் தாமதம்: செயல்பாட்டு மேலாண்மையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பட்டறையில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் சும்மா நிற்கவில்லை. ஆனாலும் நான்கு நாளில் தருவதாகச் சொன்ன ஆர்டர் பத்தாம் நாள்தான் கிளம்புகிறது. உடனே பலர் செய்வது, ஆட்களை இன்னும் முடுக்கிவிடுவது. கோளாறு பெரும்பாலும் வேகத்தில் இருப்பதில்லை. ஆளும் மெஷினும் எவ்வளவு நேரம் ஓடின என்று கணக்கு வைத்திருப்பார்கள்; ஆர்டர் எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது என்ற கணக்கு எங்கும் இருக்காது. இந்தக் கட்டுரையில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை பிடித்துக்கொள்வோம். இரும்பு ரேக் செய்யும் பட்டறை. ஒரு ரேக்குக்கு வெட்ட 5 நிமிடம், வெல்டிங் 9, பெயிண்ட் 6, பேக்கிங் 3. இடைவேளை போக ஷிப்டில் 450 நிமிடம். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள். அப்படியானால் ஒரு நாளில் வெட்டும் இடம் 90 ரேக் தரும், வெல்டிங் 50, பெயிண்ட் 75, பேக்கிங் 150. வாடிக்கையாளர்கள் கேட்பது நாளுக்கு 45. 450-ஐ 45-ஆல் வகுத்தால் 10 நிமிடம் வருகிறது. அதாவது 10 நிமிடத்துக்கு ஒரு ரேக் வெளியே போனால் போதும். இதற்கு டாக்ட் டைம் என்று பெயர். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் ஆள் சேர்ப்பதும் மெஷின் வாங்குவதும் ஓவர்டைம் கொடுப்பதும் குருட்டுத்தனம்.

“யாரும் சும்மா நிற்கக் கூடாது”

வெட்டுபவர் முழு ஷிப்டும் வெட்டினால் 90 ரேக்குக்கான துண்டுகள் வரும். வெல்டிங் 50-தான் எடுக்கும். மீதி 40 ரேக்கின் துண்டுகள் தரையில் சேரும். ஐந்து நாளில் 200. இப்போது புதிதாக ஓர் ஆர்டர் வரிசையில் சேர்ந்தால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? 200-ஐ 50-ஆல் வகுங்கள்: வெல்டரின் கைக்குப் போகவே 4 நாள். நடுவில் கிடக்கும் வேலையின் அளவை, ஒரு நாளில் முடிந்து வெளியேறும் அளவால் வகுத்தால் காத்திருப்பு நாள் கிடைக்கும் என்ற இந்த விதியை 1961-ல் ஜான் லிட்டில் நிறுவினார். மெஷினுக்கு மட்டுமல்ல, காகிதத்துக்கும் இது பொருந்தும். மேஜையில் 120 கோப்புகள் கிடக்கின்றன, ஒரு நாளில் 15 முடிகிறது என்றால், இன்று வந்த விண்ணப்பதாரர் 8 நாள் காத்திருப்பார். அலுவலர் எவ்வளவு சுறுசுறுப்பானவர் என்பது அந்த 15-க்குள் ஏற்கனவே அடங்கிவிட்டது.

அதாவது வெட்டுபவரின் உழைப்பு உற்பத்தியைக் கூட்டவில்லை, டெலிவரியை 4 நாள் தள்ளிப் போட்டிருக்கிறது. இரும்புக்குக் கொடுத்த பணம் தரையில் முடங்கிவிட்டது. துண்டுகள் துருப்பிடிக்கும், கலந்துபோகும். வெட்டியதில் அளவு தவறியிருந்தால் நான்கு நாள் கழித்து வெல்டர் சொல்லும்போதுதான் தெரியும். அதற்குள் 200 ரேக்கின் துண்டுகளும் அதே தவறோடு வெட்டப்பட்டிருக்கும்.

தீர்வு எளிது, மனம் ஒப்புவதுதான் கடினம். வெல்டிங்குக்கு முன்னால் 20 ரேக்கின் துண்டுகள் மட்டும் கொள்ளும் ஸ்டாண்ட் ஒன்றை வையுங்கள். 20 ரேக் என்றால் வெல்டருக்கு 3 மணி நேர வேலை. ஸ்டாண்ட் நிறைந்தால் வெட்டுவதை நிறுத்த வேண்டும். வெட்டுபவருக்கு 45 ரேக்குக்கு 225 நிமிடம் போதும், ஷிப்டில் பாதி நேரம் கையில் மிஞ்சும். அந்த நேரத்தை என்ன செய்வது என்பது அடுத்த விஷயம்.

பாட்டில்நெக்கில் இழக்கும் நிமிடம்

நான்கு வேலைகளில் வெல்டிங்தான் குறைவாகத் தருகிறது. அதுதான் பாட்டில்நெக். அங்கே இழக்கும் ஒவ்வொரு 9 நிமிடமும் பட்டறை மொத்தத்துக்கும் ஒரு ரேக் இழப்பு. வெட்டும் இடத்தில் அரை மணி நேரம் மிச்சப்படுத்தினால் கிடைப்பது ஒன்றுமில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் எல்லா இடத்திலும் ஒரே அளவு “முன்னேற்றம்” கொண்டுவர முயல்வது மிகப் பரவலான தவறு. அழகான புது கட்டிங் மெஷின் வந்து நிற்கும்; மாதக் கடைசியில் அனுப்பிய ரேக்குகளின் எண்ணிக்கை பழைய எண்ணிக்கையாகவே இருக்கும்.

புது வெல்டிங் மெஷின் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை பல. வெல்டரின் 9 நிமிடத்தை ஒரு நாள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். துண்டைத் தேடி எடுப்பது, ஜிக்கில் (துண்டுகளைச் சரியான இடத்தில் பிடித்துவைக்கும் சட்டம்) பொருத்துவது, முடிந்ததைத் தூக்கி வைப்பது எல்லாம் அந்த 9-க்குள்தான் இருக்கும். இரண்டாவதாக ஒரு ஜிக் செய்து, வெட்டுபவர் தன் ஓய்வு நேரத்தில் அதில் துண்டுகளை மாட்டிவைத்தால் வெல்டர் வெல்டிங் மட்டும் செய்யலாம். 9 நிமிடம் 7 ஆனாலே நாளுக்கு 64 ரேக். வெல்டர் 30 நிமிட இடைவேளைக்குப் போகும்போது, வெல்டிங் தெரிந்த இன்னொருவர் அந்த நேரம் நின்றால் 9 நிமிடக் கணக்கிலேயே நாளுக்கு 3 ரேக் கூடுதல். அளவு பார்க்கும் சோதனையை வெல்டிங்குக்குப் பின்னால் அல்ல, முன்னால் வையுங்கள். தவறான துண்டில் வெல்டரின் ஒரு நிமிடம்கூடச் செலவாகக் கூடாது.

ரீவொர்க்கும் இங்கேதான் கடிக்கிறது. 100-க்கு 6 ரேக் திரும்பி வந்து மறுபடி முழு 9 நிமிடம் எடுத்தால், 50 என்று நினைத்த திறன் உண்மையில் 47. “ஒவ்வொரு இடத்திலும் 97 சதவீதம் சரியாகப் போகிறது” என்ற அறிக்கையும் ஏமாற்றும். நான்கு இடத்தையும் ஒரே தடவையில் சரியாகத் தாண்டுவது 0.97-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது: 88.5 சதவீதம். நூறில் பதினொன்றுக்கு மேல் எங்கோ ஓரிடத்தில் மறுபடி கை படுகிறது.

ஜிக் மாற்றத்துக்குப் பிறகு பாட்டில்நெக் இடம் மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெல்டிங் 64, பெயிண்ட் 75. இன்னும் வெல்டிங்தான். வெல்டிங்குக்கு இரண்டாவது ஆள் வந்ததும் பெயிண்ட் பாட்டில்நெக் ஆகிவிடும். அதன் பிறகும் வெல்டிங்கையே கவனித்துக்கொண்டிருப்பது வீண்.

90 சதவீதம் நிரம்பினால் நல்லதுதானே?

வெட்டுவதைக் கட்டுப்படுத்தி, ஆர்டர் வரும் வேகத்தில்தான் வேலையை உள்ளே விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 50 திறனில் 45 ஓடுகிறது, 90 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆர்டர்கள் சீராக வருவதில்லை, எல்லா ரேக்கும் சரியாக 9 நிமிடம் எடுப்பதுமில்லை. அதே 1961-ல் ஜான் கிங்மன் தந்த தோராயச் சூத்திரம் இங்கே பெரிய துணை: பயன்பாட்டை (உதாரணமாக 0.9), மீதமுள்ள காலி இடத்தால் (0.1) வகுத்து, வேலை நேரத்தால் பெருக்க வேண்டும், அதை ஏற்ற இறக்கத்தின் அளவாலும் பெருக்க வேண்டும்; வருவது வரிசையில் சராசரிக் காத்திருப்பு. அந்த அளவு 1 என்று இருக்கும் இடத்தில் கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 40 ரேக் (80 சதவீதம்) என்றால் வரிசையில் சராசரிக் காத்திருப்பு 36 நிமிடம். 45 ரேக் என்றால் 81 நிமிடம். 47 அல்லது 48 ரேக், அதாவது 95 சதவீதம் என்றால் 171 நிமிடம். கடைசியில் கூடியது நாளுக்கு இரண்டு மூன்று ரேக். காத்திருப்போ இரண்டு மடங்குக்கும் மேல்.

“சராசரியாகப் பார்த்தால் திறன் போதும்” என்று திட்டமிடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 100 சதவீதம் நிரப்பித் திட்டம் போட்டால் வரிசை கரையவே கரையாது. பாட்டில்நெக்கில் 80 முதல் 85 சதவீதம் வரை ஆர்டர் ஏற்றுக்கொள்வது என் பரிந்துரை. அதற்கு மேல் போக வேண்டுமானால் முதலில் ஏற்ற இறக்கத்தைக் குறையுங்கள்: அவசர ஆர்டரை நடுவில் செருகுவதை நிறுத்துவது, ஒரே மாதிரி ஜிக், மெஷின் நிற்பதற்கு முன்பே பராமரிப்பு. மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காக விற்பனைப் பிரிவு ஆர்டர்களைக் குவிப்பதும் ஓர் ஏற்ற இறக்கம்தான், அதுவும் நாமே உண்டாக்கிக்கொள்வது.

பெரிய லாட் எப்போதும் மிச்சமல்ல

பெயிண்டில் நிறம் மாற்ற 30 நிமிடம் ஆகிறது. அதனால் வாரம் முழுக்க நீலம், அடுத்த வாரம் சாம்பல் என்று பெரிய லாட்டாக (ஒரே தடவையில் சேர்த்து ஓட்டும் தொகுதி) ஓட்டுகிறார்கள். செட்டிங் நேரம் மிச்சம் என்று காரணம் சொல்வார்கள். கணக்கு வேறு. 45 ரேக்குக்குப் பெயிண்ட் வேலை 270 நிமிடம். மீதி 180 நிமிடம் எப்படியும் சும்மாதான் போகும். அதில் நாளுக்கு 6 முறை நிறம் மாற்றலாம். எதிர்பாராத தடைக்கு இடம் விட்டு 4 முறை என்று வைத்தாலும் எந்த நிற ஆர்டரும் ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. செட்டிங் நேரம் உண்மையில் விலை உயர்ந்தது பாட்டில்நெக்கில் மட்டும்தான்.

அங்கேகூட முதல் வேலை லாட்டைப் பெரிதாக்குவதல்ல, செட்டிங்கைச் சுருக்குவது. மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியவை எவை, நின்றால்தான் செய்ய முடிந்தவை எவை என்று இரண்டாகப் பிரியுங்கள். கருவி தேடுவது, அடுத்த அச்சைக் கொண்டுவருவது, போல்ட் அளவு பார்ப்பது எல்லாம் முதல் வகை. டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ இந்த முறையில் அதை முதலில் ஒன்றரை மணிக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்.

இருப்புக் கணக்கில் தவறும் இடங்கள்

“எல்லாப் பொருளுக்கும் 15 நாள் ஸ்டாக்” என்ற விதி எளிது, தவறானது. ரேக்குக்கு 8 போல்ட், நாளுக்குச் சராசரி 360. தினசரித் தேவையின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 60. சப்ளையர் 9 நாளில் தருகிறார். 9 நாள் தேவை 3,240. இந்த ஏற்ற இறக்கத்துக்காகக் கூடுதலாக வைக்கும் பாதுகாப்பு இருப்பு: 1.65 × 60 × 9-இன் வர்க்கமூலமான 3, அதாவது 297. கையிருப்பு ஏறக்குறைய 3,540-க்கு வந்ததும் ஆர்டர் போட வேண்டும். 1.65 என்பது 95 சதவீதப் பாதுகாப்புக்கான எண். இதன் பொருள், நூறு முறை ஆர்டர் போட்டால் சுமார் 5 முறை சரக்கு வருவதற்குள் இருப்பு தீரலாம் என்பது. வாடிக்கையாளர் தேவையில் 95 சதவீதம் நிறைவேறும் என்று இதைப் படிப்பது தவறு.

இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 9 நாள் எப்போதும் 9-தானா? சில சமயம் 7, சில சமயம் 11 என்று 2 நாள் திட்ட விலக்கம் இருந்தால் பாதுகாப்பு இருப்பு 297 அல்ல, ஏறக்குறைய 1,225 வேண்டும். நான்கு மடங்கு! நம் தேவையின் ஏற்ற இறக்கத்தைவிட சப்ளையரின் நாள் தவறுதல்தான் கிடங்கை நிரப்புகிறது. எனவே விலையில் சிறிது குறைப்பவரைவிட, சொன்ன நாளில் தருபவர் பல நேரங்களில் மலிவானவர். ஒவ்வொரு டெலிவரியிலும் சொன்ன தேதி, வந்த தேதி இரண்டையும் குறித்து வைத்தாலே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். பெரும்பாலான இடங்களில் பில் தேதி மட்டும்தான் இருக்கிறது.

ஆர்டர் போடும்போது அலமாரியில் இருப்பதை மட்டும் பார்ப்பதும் வழக்கமான பிழை. கையிருப்பு, அதோடு ஏற்கனவே ஆர்டர் போட்டு வர வேண்டியது, அதிலிருந்து ஒதுக்கப்பட்டுவிட்டது கழித்து வருவதுதான் பார்க்க வேண்டிய எண். இல்லையென்றால் ஒரே சரக்கு இரண்டு முறை வந்து இறங்கும்.

எவ்வளவு வாங்குவது என்பதில் ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து மிகக் குறையும் அளவைச் சொல்வது 1913-ல் ஃபோர்ட் ஹாரிஸ் தந்த சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரம்; அது சொல்வதைவிட 50 சதவீதம் அதிகம் வாங்கினாலும் அந்த மொத்தச் செலவு 8 சதவீதம் சொச்சம்தான் கூடும். எப்போது வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஸ்டாக்கை ஒரேயடியாகக் குறைப்பது எதிர்ப்பக்கத் தவறு. இருப்பு கூடியதற்கான காரணம் அப்படியே இருக்க இருப்பை மட்டும் வெட்டினால் வெல்டர் போல்ட்டுக்காகக் காத்திருப்பார். குறைந்த இருப்புக்குப் பெயர்போன டொயோட்டாவே 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு சிப் போன்ற முக்கியப் பாகங்களுக்குப் பல மாத இருப்பு வைக்குமாறு சப்ளையர்களிடம் கேட்டது.

ஒவ்வொரு துண்டுக்கும் திருகாணியைத் திருப்புவது

வெட்ட வேண்டிய நீளம் 900 மி.மீ. ஒரு துண்டு 900.4 வந்ததும் ஆபரேட்டர் ஸ்டாப்பரை (வெட்டும் நீளத்தை நிர்ணயிக்கும் தடுப்பு) 0.4 உள்ளே தள்ளுகிறார். அடுத்தது 899.5, உடனே 0.5 வெளியே. அக்கறையோடுதான் செய்கிறார். ஆனால் மெஷின் சரியாக நின்று, வித்தியாசம் இயல்பான சிதறலாக மட்டும் இருந்தால், இப்படி ஒவ்வொரு முறையும் திருத்துவது சிதறலைக் குறைக்காது. திட்ட விலக்கத்தை ஏறக்குறைய 41 சதவீதம் கூட்டிவிடும். அவர் துரத்துவது ஏற்கனவே வெட்டி முடிந்த துண்டின் தற்செயலை. அடுத்த துண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதற்காகத்தான் 1924-ல் வால்டர் ஷூவார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்தார். ஐந்தைந்து துண்டுகளாக 25 முறை அளந்து, ஒவ்வொரு ஐந்தின் சராசரியையும் புள்ளியாக வையுங்கள்; எல்லாச் சராசரிகளின் சராசரியை நடுக்கோடாகவும், அதற்கு இருபுறமும் அந்தச் சராசரிகளுக்குரிய மூன்று திட்ட விலக்க எல்லைகளையும் வரைந்துகொள்ளுங்கள். ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே போனாலோ, எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கம் விழுந்தாலோ மட்டும் மெஷினைத் தொட வேண்டும். அப்போதும் முதலில் காரணத்தைத் தேடுங்கள்: பிளேடு தேய்ந்ததா, ஸ்டாப்பர் தளர்ந்ததா, இரும்பு லாட் மாறியதா. மேலாளர்களும் இதே பிழையை வேறு வடிவில் செய்கிறார்கள். நேற்று 44, இன்று 41 என்றதும் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். எல்லைகளை வரைந்து பார்த்தால் 38 முதல் 50 வரை அந்தப் பட்டறையின் இயல்பாக இருக்கலாம். அந்த எல்லைக்குள் நடப்பதற்கு விளக்கம் கேட்டால் இட்டுக்கட்டிய பதில்தான் கிடைக்கும். அந்த வீச்சே பிடிக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியது ஜிக், பராமரிப்பு, பயிற்சி. அவை சூப்பர்வைசர் கையில் இல்லை, மேலாளர் கையில்தான் இருக்கின்றன.