வேன் எத்தனை மணிக்கு? ஆள் எடுக்க சோஷியல் மீடியாவுல இறங்குறவங்க பண்ணக்கூடாத தப்புகள்

போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த ரெண்டு பேர், ஒரு தம்பி ஒரு பொண்ணு, "அக்கா, ஆள் எடுக்குறதுக்கு ஒரு ரீல்ஸ் எடுத்தோம், பாருங்க"ன்னு போனை நீட்டினாங்க. மொரீஷியஸ்ல எபென் சைபர் சிட்டில எங்க பில்டிங் மொட்டை மாடி, பின்னாடி மலை, சாயங்கால வெயில், ஆறு பேர் நின்னு கேக் வெட்டுறாங்க. நாப்பது செகண்ட். பாட்டு நல்லா இருந்துச்சு, எடிட்டிங் என்னைவிட நல்லாவே பண்ணியிருந்தாங்க. ஆனா பாத்து முடிச்சதும் எனக்கு மனசு கனத்துப் போச்சு, ஏன்னா 2017ல இதே சைபர் சிட்டில வேற ஒரு கம்பெனில இருந்தப்போ கிட்டத்தட்ட இதே வீடியோவ நான் எடுத்திருக்கேன். அதே மாடி, அதே கேக், அதே வெயில்.

அதனால உக்காந்து எழுதுறேன். லோகோ மங்கலா இருக்கு, ஸ்பெல்லிங் தப்பு, ஒரு மாசமா போஸ்டே போடல, இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் விட்டுடறேன், அது யாரும் சொல்லாமலே தெரிஞ்சுக்கலாம்.

வேலை நேரத்த மறைக்கிறது

இது ஒண்ணுதான் எனக்கு இன்னிக்கும் ஆறவே இல்ல.

மொரீஷியஸ்ல ஃப்ரெஞ்சு கம்பெனிகளுக்காக ஓடுற கால் சென்டர்ல வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், நம்ம கடிகாரம் ஒண்ணு, கிளையன்ட் கடிகாரம் ஒண்ணு. அவங்க வெயில் காலத்துல நாம ஃப்ரான்ஸைவிட ரெண்டு மணி நேரம் முன்னாடி, அவங்க அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்த மாத்தினதும் மூணு மணி நேரம். அங்க சாயங்காலம் ஏழு மணிக்கு லைன் மூடுறாங்கன்னா இங்க ஒன்பது, அக்டோபருக்கு அப்புறம் பத்து. அதுக்கு மேல லாக் அவுட் பண்ணி, வேன்ல ஏறி, தீவோட கிழக்குல ஃப்ளாக் பக்கமோ தென்கிழக்குல மாஹேபூர் பக்கமோ போய்ச் சேரணும். அப்போ மெட்ரோவும் வரல, பஸ்ஸெல்லாம் சாயங்காலத்தோட கொறைஞ்சிடும், கம்பெனி வேன விட்டா வேற வழியே கிடையாது.

என் வீடியோவுல இதுல ஒரு வார்த்தை இல்ல. மாடி இருந்துச்சு, கேக் இருந்துச்சு, "எங்க குடும்பத்துல சேருங்க"ன்னு கடைசில எழுத்து வந்துச்சு. ஃபேஸ்புக்ல போட்டோம், ஷேர் பிச்சுக்கிட்டு போச்சு, மேனேஜர் கைகுடுத்தாரு. அன்னிக்கு மத்தியானம் எங்க சீனியர் ஏஜென்ட் ஒருத்தர், கால் எடுத்துப் பேசுறவர், கீழ கமெண்ட்ல இந்தத் தீவோட பேச்சு மொழியான க்ரியோல்ல ரெண்டே வார்த்தை எழுதினாரு, "டிரான்ஸ்போர் ஆஸ்வார்?" ராத்திரி வண்டி உண்டான்னு கேள்வி, அவ்வளவுதான். கோவமும் இல்ல, கிண்டலும் இல்ல. நான் பத்து நிமிஷத்துல அந்த கமெண்ட்ட டெலீட் பண்ணினேன். போஸ்ட் அழகா இருக்கணும்னு நினைச்சேன்.

ராத்திரிக்குள்ள ஸ்கிரீன்ஷாட் ஏஜென்ட்டுங்களோட வாட்ஸப் குரூப்ல சுத்திடுச்சு. கமெண்ட் இருந்த படம் ஒண்ணு, இல்லாத படம் ஒண்ணு, பக்கத்து பக்கத்துல. இது பன்னெண்டு லட்சத்துச் சொச்சம் ஜனம் இருக்கிற தீவு, எந்த ஆபீஸ எடுத்தாலும் யாரோ ஒருத்தரோட மச்சானோ சித்தி பொண்ணோ அங்க இருப்பாங்க. நான் தொடச்ச ரெண்டு வார்த்தைக்கு, விட்டு வெச்சிருந்தா கிடைச்சிருக்கறதவிட பத்து மடங்கு காது கிடைச்சுது.

அந்த வீடியோ பாத்து சேந்த பேட்ச்ல இருபத்திரண்டு பேர். அஞ்சு வாரம் ட்ரெய்னிங், ட்ரெய்னருக்கு சம்பளம், ப்ராடக்ட் டெஸ்ட், ஹெட்செட், லாகின், எல்லாம் செலவு. மூணாவது மாசம் முடியறதுக்குள்ள ஒன்பது பேர் கிளம்பிட்டாங்க. அதுல ஃப்ளாக் பக்கத்துலேருந்து வந்த பொண்ணு ஒருத்தி, வேன் அவள மெயின் ரோட்டுல இறக்கிவிட்டுட்டுப் போயிடும், அங்கேருந்து பத்து நிமிஷம் கரும்புத் தோட்டத்து ஓரமா நடக்கணும், அம்மா தினமும் டார்ச்சோட வந்து நிப்பாங்களாம். கடைசி நாள் ஹெட்செட்டயும் பேட்ஜயும் என் மேஜை மேல வெச்சிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. "மேடம், அந்த வீடியோவ எத்தனை மணிக்கு எடுத்தீங்க?" அஞ்சேகால்னேன். "அந்த நேரத்துல மாடிக்குப் போக யாருக்கு பிரேக் குடுப்பீங்க?"

அஞ்சேகால்னா ஃப்ரான்ஸ்ல மூணேகால். நாள்லயே கால் அதிகமா வர்ற நேரம். எங்க ஃப்ளோர்ல ஒருத்தர்கூட அந்த நேரத்துல எந்திரிச்சு போனதில்ல. வீடியோல நின்ன ஆறு பேரும் அட்மின்லேருந்து நான் கூட்டிட்டு வந்தவங்க. எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

இதுல பணம் போனது ஒரு பக்கம், அதுக்கப்புறம் ரொம்ப நாள் அந்த ஃப்ளாக் பக்கத்துலேருந்து ஒரு ரெஃபரல்கூட வரல. எங்களுக்கு நல்ல ஆளுங்க வந்ததே அக்கா தங்கச்சி, பக்கத்து வீடுன்னு சொல்லிச் சொல்லித்தான். அந்தக் கதவ நானே சாத்திட்டேன்.

1996ல டிம் ஆம்ப்ளர், சைமன் பாரோன்னு ரெண்டு பேர் எம்ப்ளாயர் பிராண்டு, அதாவது வேலை குடுக்கற இடமா ஒரு கம்பெனிக்கு இருக்கிற பேரு, அதப் பத்தி முதல்ல எழுதினப்போ, ஒரு வேலை குடுக்கறதுல மூணு இருக்குன்னு சொன்னாங்க: வேலையால கிடைக்கிற பயன், காசு, மனசுக்குக் கிடைக்கிறது. நாம ரீல்ஸ்ல காட்டுறதெல்லாம் மூணாவது மட்டும். ஆனா கேக்குற ஆளு கேக்குறது முதல் ரெண்டுதான், எவ்வளவு தருவீங்க, எத்தனை மணிக்கு விடுவீங்க, எப்படி வீட்டுக்குப் போறது. இன்னொண்ணு, 1973லயே ஜான் வனாஸ்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு வந்தவங்கள ரெண்டா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான புகழ்ச்சிப் படத்தயும் இன்னொரு கூட்டத்துக்கு கஷ்டத்தயும் சேத்துக் காட்டுற படத்தயும் போட்டுக் காமிச்சாரு. உள்ளத உள்ளபடி பாத்தவங்களுக்கு எதிர்பார்ப்பு நிதானமா இருந்துச்சு, வேலைய விட்டுடலாமான்ற நினைப்பு கம்மியா வந்துச்சு. அவங்களும் காதுல ஹெட்செட் மாட்டி உக்காந்த ஜனங்கதான். நான் அத படிச்சது என் தப்புக்கு ஒரு வருஷம் கழிச்சு.

அடுத்த வருஷ வீடியோவ ராத்திரி பத்தேகாலுக்கு வேனுக்குள்ளயே எடுத்தோம். போன் கேமராதான். ஜன்னல்ல தூறல், டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்பா பேர் சொல்றாரு, ரோஸ் ஹில், கத்ர் போர்ன், அப்படியே. கடைசியா எந்த ஊருக்கு வண்டி வாசல் வரைக்கும் போகாது, மெயின் ரோட்டோட நிக்கும்னும் எழுதினோம். அப்ளிகேஷன் கம்மியாத்தான் வந்துச்சு, மேனேஜருக்கு முகம் சுருங்கிச்சு. வந்தவங்க எதுக்கு வர்றோம்னு தெரிஞ்சு வந்தாங்க, இன்டர்வியூல பாதி நேரம் மிச்சமாச்சு. அந்த பேட்ச்ல சேந்த ரெண்டு பேர் இப்போ டீம் லீடர்.

நம்ம தம்பிகிட்டயும் பொண்ணுகிட்டயும் நான் சொன்னது இதுதான்: கேக் இருக்கட்டும், ஆனா முதல் ஷாட் ரோஸ்டர் போர்டு. ரெண்டாவது ஷாட் வேன். கமெண்ட்ல கேள்வி வந்தா டெலீட் பட்டன் பக்கமே போகாதீங்க, டைம் போட்டு பதில் எழுதுங்க, பதில் நல்லா இல்லேன்னாலும் எழுதுங்க.

ஊழியர்கள ஷேர் பண்ணச் சொல்லி நச்சரிக்கிறது

பண்ணாதீங்க. நாப்பது பேர் ஒரே வாசகத்த ஒரே நாள்ல போட்டா பாக்குறவனுக்குப் புரியாதா.

கணக்கு பாக்காம பெருமை பேசுறது

2022 மார்ச் 8, பெண்கள் தினம். ட்விட்டர்ல தானா பதில் போடுற ஒரு பாட் அக்கவுன்ட், பிரிட்டன்ல எந்த கம்பெனி "எங்க பெண்கள கொண்டாடுறோம்"னு ட்வீட் போட்டாலும், அந்த கம்பெனில ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பள வித்தியாசம் எத்தனை சதவீதம்னு அதுக்கு கீழயே பதிலா போட்டுக்கிட்டே போச்சு. எண்ண எங்கேருந்தும் திருடல, 250 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனி எல்லாம் அரசாங்கத்துக்குக் குடுத்தே ஆகணும்ங்கற கணக்கு அது, எல்லாருக்கும் தெரியும்படி வெப்சைட்ல இருந்ததுதான். நிறைய கம்பெனி போட்ட ட்வீட்ட அவசர அவசரமா தூக்கினாங்க.

இங்க அப்படி ஒரு பாட் இல்லையேன்னு நிம்மதியா இருக்காதீங்க, இங்க அந்த வேலைய வாட்ஸப் பாத்துக்கும். எதப் பத்திப் பெருமையா எழுதப்போறீங்களோ அதோட நம்பர முதல்ல பேரோல்ல கேட்டு வாங்குங்க. நம்பர் சரியில்லன்னா அந்த போஸ்ட் வேண்டாம்.

காவடி வாழ்த்து

போடுறதுக்கு முன்னாடி அன்னிக்கு யார் யாருக்கு ஷிஃப்ட் போட்டிருக்குன்னு பாருங்க. இங்க தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, ஆனா ஃப்ரான்ஸ்காரனுக்கு அது சாதாரண நாள். விரதம் இருக்கிற பொண்ணு லீவு கிடைக்காம லைன்ல உக்காந்துக்கிட்டு உங்க மயில் படத்தப் பாக்குறா.

ஷெட்யூல் பண்ணிட்டு மறந்துடுறது

2024 ஜனவரி 15, பெலால் புயல் வந்த அன்னிக்கு தலைநகர் போர்ட் லூயி தெருவுல வெள்ளம் கார இழுத்துட்டுப் போச்சு, ஆபீஸுக்குக் கிளம்பின ஜனங்க வழியிலயே மாட்டிக்கிட்டாங்க. அது திங்கக்கிழமை. ஒரு கம்பெனி பேஜ்ல, பேர் வேண்டாம், முன்னாடியே செட் பண்ணி வெச்சிருந்த திங்கக்கிழமை உற்சாக போஸ்ட் கரெக்டா அதே நேரத்துக்கு வந்துச்சு. காபி கப், "இந்த வாரத்த ஜெயிப்போம்". கீழ கமெண்ட்ல அவங்க ஊழியர் ஒருத்தரோட அண்ணன், "என் தம்பி இன்னும் வீட்டுக்கு வரல"ன்னு எழுதியிருந்தாரு. நவம்பர்லேருந்து மே மாசம் பாதி வரைக்கும் இங்க புயல் காலம், முதல் கட்ட புயல் எச்சரிக்கையான வார்னிங் க்ளாஸ் 1 வந்த உடனே ஷெட்யூல்ல இருக்கிற எல்லாத்தயும் நிறுத்துங்க, வேன் உண்டா, யார் வீட்டுல இருக்கணும், அத மட்டும் போடுங்க. அந்த ஒரு நாள் நீங்க நடந்துக்கற விதத்த ஆளுங்க வருஷக்கணக்கா பேசுவாங்க.

பாஸ்வேர்டு ஒரே ஆள்கிட்ட

2013 ஜனவரி 31, பிரிட்டன்ல ஹெச்.எம்.வி. ம்யூசிக் கடை கம்பெனி ஆளுங்கள வேலையவிட்டு எடுத்தப்போ, அந்த ரூம்ல இருந்த ஊழியரே கம்பெனியோட ட்விட்டர் அக்கவுன்ட்லேருந்து நேரலையா எழுதினாங்க. அட்மின் ரெண்டு பேர் இருக்கட்டும், யாராவது போனா அன்னிக்கே மாத்துங்க. அத விட முக்கியமா, ஆளுங்கள அந்த மாதிரி மொத்தமா ரூமுக்குள்ள வெச்சு அனுப்பாதீங்க.

போட்டோவுக்கு அனுமதி கேக்காம இருக்கிறது

இங்க 2017 டேட்டா ப்ரொடெக்‌ஷன் சட்டம் இருக்கு. எழுதி வாங்குங்க, வேலைய விட்டவங்க எடுக்கச் சொன்னா எடுங்க.

மொழி

இங்க ரூபா நோட்டுல தமிழ் இருக்கு, பாக்குறப்போ சந்தோஷமாத்தான் இருக்கும், ஆனா இங்க பொறந்த தமிழ்க் குடும்பங்கள்ல பேச்சு பெரும்பாலும் க்ரியோல். ஊர்லேருந்து வந்த நம்ம பசங்க இங்கிலீஷ்ல பெருசா எழுதிடுறாங்க, அத ஹெட் ஆபீஸ்தான் படிக்குது. ஏஜென்ட் வேலைக்கு க்ரியோல்ல எழுதுங்க, ஃப்ரெஞ்சுல பேசிக் காட்டுங்க, ஏன்னா வேலையே ஃப்ரெஞ்சுலதான். எழுதினத உள்ளூர் ஆள் ஒருத்தர்கிட்ட சத்தமா படிக்கச் சொல்லிக் கேளுங்க. அவர் எங்க தடுமாறுறாரோ அங்க வெட்டுங்க.

இன்பாக்ஸ கவனிக்காம விடுறது

இத கடைசில எழுதுறேன், ஏன்னா அந்த ரெண்டு பேரும் நேத்து இதத்தான் கேட்டாங்க. போஸ்ட் போட்டதும் லைக்க எண்ணுறோம், மெஸேஞ்சர்ல வந்து நிக்கிற ஆள கவனிக்கிறதில்ல. எங்க பேஜ்ல திறந்து பாத்தப்போ பதில் போகாத மெசேஜ் நூத்துக்கு மேல, முக்கால்வாசி ஒரே வரி: சம்பளம் எவ்வளவு, எச்.எஸ்.சி. போதுமா, என் ஊருக்கு வேன் வருமா. ஒருத்தர் மூணு வாரத்துல நாலு தடவ "போன்ஜூர்"னு மட்டும் அனுப்பியிருந்தாரு. "உங்கள் ஆர்வத்திற்கு நன்றி"ன்னு ஆட்டோ ரிப்ளை போட்டு வெச்சா அது பதில் இல்ல. நேத்து சாயங்காலம் மூணு பேரும் உக்காந்து ஒவ்வொண்ணா எழுதினோம். அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, ஷிஃப்ட் முடியறது இத்தனை மணி, உங்க ஊருக்கு வேன் வரும், இல்ல வராது. "வராது"ன்னு பதில் வாங்கின ஒரு பையன் கால் மணி நேரத்துல திருப்பி எழுதினான், "பரவால்ல, ஊர்ல வேற மூணு பேர் இருக்காங்க, நாலு பேர்னா வேன் விடுவீங்களா?" அத டிரான்ஸ்போர்ட் மேனேஜர்கிட்ட அனுப்பியிருக்கோம்.