எல்இடி மின்னினால் மட்டும் அது நியூரான் ஆகிவிடாது

மே மாதம் பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி பிரெட்போர்டோடு தருமபுரிக்கு வந்தார். "அண்ணா, நியூரான் சர்க்யூட் கட்டியிருக்கேன், எல்இடி எரியவே மாட்டேங்குது." நியூரான் என்றால் நரம்பு செல், அது மாதிரி நடக்கும் சர்க்யூட்டைத்தான் சொன்னார்.

அவராவது சரியான வழியில் கட்டியிருந்தார். நிறையப் பேர் 555 என்ற டைமர் ஐசியை வைத்து எல்இடியை மின்ன விட்டு அதையே நியூரான் என்கிறார்கள், ஆனால் எந்தத் தூண்டலும் இல்லாமலே அது மின்னிக்கொண்டிருக்கும். நியூரானை ஓட்டைக் குடம் மாதிரி நினையுங்கள். வருவதைச் சேர்க்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், ஒரு மட்டத்தைத் தாண்டினால்தான் ஒரு துடிப்பு, அப்புறம் மறுபடி காலி. தவளை நரம்பைத் தூண்டிப் பார்த்த லூயி லாபிக் 1907-லேயே நரம்புச் சவ்வை ஒரு கெபாசிட்டராகவும் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் குடம்) அதன் கசிவை ஒரு ரெசிஸ்டராகவும் (குடத்தின் ஓட்டை) எழுதிவிட்டார். அந்தக் கசிவு ரெசிஸ்டரை விட்டுவிட்டுக் கட்டாதீர்கள், விட்டால் காலையில் வந்த தூண்டலும் மாலையில் வந்ததும் ஒன்றாகக் கூடிவிடும்.

தம்பியின் போர்டில் 5 வோல்ட், இரண்டு பொத்தான், ஒவ்வொன்றுக்கும் 20 மெகா ஓம், கசிவுக்கு 10 மெகா ஓம், துடிப்பு வர வேண்டிய வாசல் மட்டம் 2 வோல்ட். கணக்கு சரி. ஒரு பொத்தானில் 1.67 வோல்ட்தான் ஏறும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 2.5. கோளாறு கெபாசிட்டரில், அவர் போட்டிருந்தது எலக்ட்ரோலிட்டிக். பொத்தான் வழியாக வருவதே கால் மைக்ரோ ஆம்பியர், அந்த வகைக் கெபாசிட்டர் தானே அந்த அளவுக்குக் கசியும், வெயிலில் இன்னும் கூடும். இந்த வேலைக்கு மைலர் (பிளாஸ்டிக் ஃபிலிம்) கெபாசிட்டர்தான் போட வேண்டும்.

இன்னொன்று, இதில் பலர் நாள் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்: கெபாசிட்டரில் நேரடியாக மல்டிமீட்டர் வைப்பது. டிஜிட்டல் மீட்டரே ஏறக்குறைய 10 மெகா ஓம். வைத்தவுடன் கசிவு இரட்டிப்பாகி, 2.5 வோல்ட் ஏற வேண்டிய இடம் 1.67-லேயே நின்றுவிடும், நீங்கள் சர்க்யூட் கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் பிரிப்பீர்கள். ஆப்-ஆம்ப் ஐசியால் ஒரு பஃபர் (கெபாசிட்டரிலிருந்து கரன்ட் இழுக்காமல் அதே வோல்ட்டை வெளியே தருவது) போட்டு அதன் வெளியீட்டில் அளந்து பாருங்கள். எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப் இங்கே வேண்டாம், அதன் உள்ளீட்டுக் கரன்ட்டே இவ்வளவு பெரிய ரெசிஸ்டரில் சில நூறு மில்லிவோல்ட் ஏற்றிவிடும். சிஏ3140 நல்லது.

வாசலைத் தாண்டியதா என்று பார்க்கும் கம்பாரேட்டரில் ஹிஸ்டெரிசிஸ் ரெசிஸ்டரையும் (அணையும் மட்டத்தை வாசலுக்கு நன்றாகக் கீழே தள்ளுவது) மறக்காதீர்கள், இல்லையென்றால் கெபாசிட்டர் முழுக்கக் காலியாகும் முன்பே அதைக் காலி செய்யும் டிரான்சிஸ்டர் அணைந்துவிடும்.

0.1 மைக்ரோ ஃபாரட் மைலரை மாற்றிக் கொடுத்தேன். தம்பி ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் இல்லை. இரண்டாவதையும் அழுத்தினார், ஒரு விநாடிக்குள் எல்இடி பளிச்சென்று ஒரு தடவை மின்னியது.