கறுப்பு முனை எர்த் இல்லை: சின்ன பவர் ஆம்ப் வாங்கியவர்கள் கவனத்துக்கு

போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்த பையன் ஒருவன் வந்தான். பைக்குள்ளிருந்து அரைச் செங்கல் அளவுக்கு ஓர் அலுமினியப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். “அண்ணே, ரெண்டு நாள் சூப்பரா பாடுச்சு. நேத்து ராத்திரி சவுண்டு கொஞ்சம் ஏத்தினேன், படுத்துருச்சு.”

மூடியைக் கழற்றக்கூட இல்லை நான். “ஆம்ப்ல இருந்து ஸ்பீக்கருக்கு மொத்தம் எத்தனை ஒயர் இழுத்திருக்கே?” என்றேன்.

“மூணு.”

இந்த ‘மூணு’க்கு நானும் ஒரு காலத்தில் மொய் எழுதியவன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். ப்ளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, ஒயர் பிசிறு பக்கத்து முனையில் உரசுவது, ஆம்ப் ஓடும்போதே ஆர்சிஏ பின்னைப் பிடுங்குவது எல்லாம் முதல் வாரத்திலேயே தானாகப் பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்ற நினைப்போடு காசைக் கரியாக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பெட்டிமேல் இருக்கும் வாட்ஸ்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்று கிடைக்கும் சின்ன ஸ்டீரியோ போர்டுகளில் பல, டிபிஏ3116 சிப்பில் ஓடுபவை. 50+50 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அது பொய் இல்லை, சிப்பைச் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொடுக்கும் கணக்குதான். ஆனால் 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் லோடு மாட்டி, டிஸ்டார்ஷனை (ஒலிச் சிதைவை) 10 சதவீதம் வரை போகவிட்டு அளந்த கணக்கு. 10 சதவீதத்தில் பாட்டு கிழிந்து தொங்கும். யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள்.

நம் வீட்டுக் கணக்கு வேறு. 8 ஓம் ஸ்பீக்கர், 12 வோல்ட் அடாப்டர் என்றால் ஒரு சேனலுக்கு 9 வாட்ஸ்தான் அதிகபட்சம். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் 22, 24 வோல்ட்டில் 36. வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள், வந்துவிடும். சேதாரம் போக இன்னும் கொஞ்சம் குறையும். பழைய மோடத்தோடு வந்த 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டிவிட்டு “பேஸ் வரலையே” என்று கேட்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: அந்த அடாப்டர் மொத்தமாகக் கொடுப்பதே 24 வாட்ஸ். அதிலிருந்து நூறு வாட்ஸ் எப்படி வரும்?

வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபல். படுக்கையறைக்கு 20 வாட்ஸ் தாராளம்.

24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்

24 வோல்ட் போர்டுக்கு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது ஏசி. அதை டிசி ஆக்கும் டயோடு பிரிட்ஜும் கண்டன்சரும் தாண்டும்போது 1.414 மடங்காகி, டயோடு இழப்பு போக 32 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். இந்தச் சிப் ஓடவேண்டிய எல்லை 26. 30-ஐத் தாண்டினால் உயிருக்கு உத்தரவாதமே இல்லை. 12-0-12 வாங்கி இரண்டு ஓரத்தையும் எடுத்தாலும் அதே 24 ஏசிதான். 15, 16 வோல்ட்டோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் லேப்டாப் அடாப்டரே போதும்.

கறுப்பு முனை

இப்போது அந்த ‘மூணு’.

2என்3055 போட்டு அசெம்பிள் செய்த ஆம்ப், டிடிஏ2030 போர்டு என்று அந்தக் காலத்துச் சாமான்களில் பழகியவர்களுக்கு, ஸ்பீக்கரின் கறுப்பு முனை என்றால் கிரவுண்ட். இடது கறுப்பும் வலது கறுப்பும் பெட்டிக்குள்ளேயே ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அதனால் இரண்டு ஸ்பீக்கருக்கு மூன்று ஒயர் போதும்: இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, பொது எர்த் ஒன்று. கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது, அந்த ஆம்புக்கு அது சரியான வேலைதான்.

2014-இல் மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருந்த வீட்டில் அப்படியொரு வயரிங் சுவருக்குள்ளேயே இருந்தது. ஹால் ஷோகேஸிலிருந்து எதிர்ச்சுவர் வரை கன்சீல்டு பைப், அதற்குள் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வீட்டுக்காரர் மகன் ஒரு காலத்தில் அசெம்பிள்டு செட் வைத்திருந்தானாம், பல வருஷம் ஓடியதாம். எனக்கு ஒரே குஷி. அப்போதுதான் வாங்கியிருந்த கிளாஸ் டி பெட்டியின் (இந்தச் சின்ன ஆம்ப்களின் ரகம் அது) இரண்டு கறுப்பு முனைகளையும் முறுக்கி அந்த ஒற்றைக் கறுப்பு ஒயரில் கொடுத்தேன்.

பாடியது. காலையில் செய்தி, மத்தியானம் கிரிக்கெட் வர்ணனை, ஒரு குறையும் இல்லை. ஏன் குறை இல்லை என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

இந்தச் சின்னப் பெட்டிகள் பிரிட்ஜ் முறையில் ஓடுகின்றன (மேலே சொன்ன டயோடு பிரிட்ஜ் வேறு). ஒரு சேனலுக்குள் இரண்டு ஆம்ப். ஒன்று சிவப்பு முனையைத் தள்ளும்போது மற்றது கறுப்பு முனையை இழுக்கும், மரம் அறுக்கும் இரட்டையாள் ரம்பம் மாதிரி. 12 வோல்ட் அடாப்டரிலேயே கேட்கும்படி பவர் கிடைப்பது இதனால்தான். ஒரு காலத்தில் இந்தச் சின்னப் பெட்டிகளில் ஓடிய ட்ரைபாத் டிஏ2020 சிப்பும் இதே ரகம். பாட்டே இல்லாதபோதும் இரண்டு முனைகளும் சப்ளையின் பாதி வோல்ட்டில் நிற்கும். 24 வோல்ட் கொடுத்தால் சிவப்பில் 12, கறுப்பிலும் 12. வித்தியாசம் சைபர் என்பதால் ஸ்பீக்கருக்குத் தெரியாது. ஆனால் கறுப்பு முனையில் ஓர் ஆம்ப் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. அது எர்த் இல்லை.

இரண்டு கறுப்பையும் சேர்த்தால் இடது சேனலின் பாதியும் வலது சேனலின் பாதியும் நேருக்கு நேர் மோதும். செய்தி வாசிப்பவர் குரல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருவதால், இரண்டும் ஒரே திசையில் ஆடும், மோதலே இல்லை. இடது பக்கம் வயலின், வலது பக்கம் கிட்டார் என்று பிரித்துப் பதிவு செய்த பாட்டைப் போட்டு வால்யூமை ஏற்றும்போதுதான் ஒன்று மேலே போக, மற்றது கீழே இழுக்க, நடுவில் வெறும் ஒயர். ஷார்ட். பையன் சொன்ன “ரெண்டு நாள் சூப்பரா பாடுச்சு” இதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கும் அப்படித்தான். பாட்டு உச்சத்துக்குப் போனதும் ‘டக்’ என்று நின்றது. இரண்டு விநாடி கழித்துத் தானாக வந்தது. மறுபடி ‘டக்’. சிப்பின் பாதுகாப்பு வேலை செய்துகொண்டிருந்தது. “என்னை விட்டுடுடா” என்று அது கெஞ்சியது எனக்குப் புரியவில்லை. அடாப்டர் பலம் போதவில்லை என்று நானே முடிவுகட்டி, இன்னும் பெரிய அடாப்டர் மாட்டி, ஆஃப் செய்து ஆன் செய்து, ஏழெட்டுத் தடவை.

கடைசித் தடவை சத்தமே வரவில்லை. இடது வூஃபரின் கோன் மட்டும் ஒரு விரற்கடை வெளியே தள்ளி அப்படியே நின்றது. திரும்பி உள்ளே வரவில்லை. ‘இது என்னடா’ என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வார்னிஷ் எரியும் வாடை. சிப்பின் ஒரு பக்கம் ஷார்ட் ஆகி, சப்ளை வோல்ட் முழுவதும் டிசி-யாக வாய்ஸ் காயிலில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருளில்) ஏறியிருக்கிறது. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரின் காயில் மீட்டரில் 6 ஓம் சுமார்தான் இருக்கும். 24 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 96 வாட்ஸ், பாட்டு மாதிரி வந்து போகாமல் இஸ்திரிப் பெட்டி மாதிரி விடாமல். ட்வீட்டர் தப்பித்தது, அதற்கு முன்னால் கிராஸ்ஓவர் கண்டன்சர் இருந்ததால்.

ஆம்ப் போனதில்கூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த மாடல் வூஃபர் அப்புறம் எங்கும் கிடைக்கவில்லை. ரீகோன் செய்து (கோனையும் காயிலையும் புதிதாக மாற்றி) வாங்கினேன். பாடுகிறது, ஆனால் வலதோடு சேரவில்லை. பத்து வருஷமாக அந்த ஜோடி நொண்டியடிக்கிறது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்கு எரிகிறது.

இதே தவறு வேறு வேஷத்திலும் வரும். பவர்டு சப்வூஃபரின் ஹை லெவல் இன்புட்டுக்கு ஸ்பீக்கர் முனையிலிருந்து ஒயர் எடுப்பது, விளக்கு ஆடும் வியூ மீட்டர் மாட்டுவது, கறுப்புகளையெல்லாம் உள்ளே ஒன்றாகச் சேர்த்திருக்கும் ஏ-பி ஸ்பீக்கர் ஸ்விட்ச் பெட்டி, ஆசிலாஸ்கோப்பின் முதலை கிளிப்பைக் கறுப்பு முனையில் கவ்வவிடுவது. இவற்றில் கறுப்பு முனை உண்மையான கிரவுண்டையே தொட்டுவிட்டால், இரண்டு நாள் தவணைகூடக் கிடைக்காது. கார் ஸ்டீரியோ மாட்டுகிறவர்களுக்கு இது அத்துப்படி. ஸ்பீக்கர் மைனஸை பாடியில் கொடுக்கவே மாட்டார்கள். வீட்டு ஆடியோ ஆட்கள்தான் மாட்டிக்கொள்கிறோம்.

கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். ஆம்பை ஆஃப் செய்து, ஸ்பீக்கரைக் கழற்றி, இடது கறுப்புக்கும் வலது கறுப்புக்கும் நடுவே கன்டின்யூட்டி பாருங்கள். பீப் வராவிட்டால் நான்கு ஒயர்தான், பேச்சே இல்லை. அடுத்து ஆன் செய்து, பாட்டு போடாமல், சப்ளை மைனஸுக்கும் (இரட்டை சப்ளை என்றால் நடு கிரவுண்டுக்கும்) கறுப்பு முனைக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்கள். சப்ளையில் பாதி காட்டினால் பிரிட்ஜ் என்பது உறுதி. சைபர் காட்டினால் மட்டும் எர்த் என்று துள்ளாதீர்கள். ப்ளஸ்-மைனஸ் இரட்டை சப்ளையில் ஓடும் பிரிட்ஜ் ஆம்பும் சைபர்தான் காட்டும். அதனால்தான் முதலில் பீப்.

வால்யூம் எங்கே?

பவர் ஆம்ப் என்று அசலாக விற்கும் பெட்டியில் வால்யூம் திருகு இருக்காது. முன்னால் ப்ரீஆம்போ, வால்யூம் உள்ள டாக்கோ (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) இருக்க வேண்டும். “போன்லயே குறைச்சுக்கறேன்” என்பவர்களுக்கு ஒரு சம்பவம். நண்பர் வீட்டில் கரண்ட் போய் வந்தது. நெட்டிலிருந்து பாட்டு எடுக்கும் ஸ்ட்ரீமர் பெட்டி தானாக ஆன் ஆகி, வால்யூமை 100-இல் வைத்துக்கொண்டது. அவர் மனைவி பாட்டைத் தொட்டார். பக்கத்து ஃபிளாட்காரர் வந்து கதவைத் தட்டினார். நடுவே 10 கே (10 கிலோ ஓம்) ‘லாக்’ ரக வால்யூம் கன்ட்ரோல் ஒன்று, கையால் திருகும்படி வைத்துவிடுங்கள்.

திருகு உள்ள பெட்டியிலும் ஒரு மயக்கம் உண்டு. கால் திருகிலேயே வீடு அதிர்ந்தால் ஆம்ப் பலசாலி என்று அர்த்தமில்லை, கெயின் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் மடங்கு) அதிகம் என்று அர்த்தம். டிபிஏ3116-இல் கெயினை 20, 26, 32, 36 டெசிபல் என்று ரெசிஸ்டர் மாற்றி வைக்கலாம். 26 என்றால் 20 மடங்கு. டாக் 2 வோல்ட் தந்தால் ஆம்ப் 40 வோல்ட் தர வேண்டும். 24 வோல்ட் சப்ளையில் 17-ஐத் தாண்டாது. மீதித் திருகு முழுவதும் கிளிப்பிங்தான் (சிக்னலின் உச்சி வெட்டுப்படுவது), ட்வீட்டருக்குச் சங்கு. 20 டெசிபலில் வையுங்கள். பின்னணியில் கேட்கும் ‘ஸ்’ஸும் குறையும்.

ஹம் வருகிறதென்று எர்த் பின்னை வெட்டுவது

வெட்டாதீர்கள்.

கதவு மூடிய ஷெல்ஃப்

கிளாஸ் டி சூடே ஆகாது என்பார்கள். மே மாதம் ஒரு தடவை கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பையனின் பெட்டியைக் கடைசியில் திறந்தேன். சிப் மேல் கடுகளவு பள்ளம், போர்டு அந்த இடத்தில் பழுப்பாகியிருந்தது. “ஸ்பீக்கர் ரெண்டையும் எடுத்துட்டு வா” என்றேன். ஆட்டோவில் கொண்டுவந்தான். இடது 6.1 ஓம், வலது 6.2. கோனை மெல்ல அழுத்திப் பார்த்தேன், காயில் உரசவில்லை. “பிழைச்சுது போ” என்றதும் பையன் முகத்தில் உயிர் வந்தது. வீட்டில் பைப்புக்குள் நாலாவது ஒயர் நுழையவில்லை என்று மறுநாள் போன் செய்தான். சுவரோரமாக கேசிங் பட்டை அடிக்கச் சொன்னேன். அம்மா திட்டுவார்களாம்.