தைராய்டு கட்டி: வார்டில் இருப்பவருக்கு எதை முதலில் பார்ப்பது?

வேறு எதற்கோ எடுத்த சி.டி. ஸ்கேனில் தைராய்டு கட்டி தெரிந்தால் அன்றே கட்டியிலிருந்து செல் எடுக்கும் ஊசியைக் கையில் எடுக்க வேண்டாம். பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாத கட்டிகள்தான். சி.டி.யில் வேறு சந்தேகக் குறி இல்லையென்றால், 35 வயதுக்குக் கீழே 1 செ.மீ., அதற்கு மேல் 1.5 செ.மீ. இருந்தால்தான் அல்ட்ராசவுண்ட். பெட் ஸ்கேனில் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் திசு ஒளிரும் ஸ்கேன்) தைராய்டில் ஓரிடம் மட்டும் ஒளிர்ந்தால் கதை வேறு. உடனே அல்ட்ராசவுண்ட் பாருங்கள்.

நோயாளிக்குப் பின்னால் நின்று கழுத்தில் விரல்களை வைத்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். தைராய்டு கட்டி விழுங்கும்போது மேலேறும். கட்டி கெட்டியாக, அசையாமல் இருந்தாலோ, குரல் கம்மியிருந்தாலோ, பக்கக் கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்களா, குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் உண்டா என்றும் கேளுங்கள்.

அடுத்து டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை. வார்டில் தடுக்கி விழும் இடம் இதுதான். கடும் நோய், ஸ்டீராய்டு, டோபமைன் மூன்றும் டி.எஸ்.எச்.சைக் குறைக்கும், பயோட்டின் (ஒரு வைட்டமின்) மாத்திரை சில கருவிகளில் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அவசரம் இல்லையென்றால் உடம்பு தேறியபின் மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவென்றால் ஐசோடோப் ஸ்கேன். அதில் 'சூடாக' இருக்கும் (ஐசோடோப்பை அதிகம் இழுக்கும்) கட்டி புற்றாக இருப்பது அரிது, ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. அயோடின் சாயம் ஏற்றி சி.டி. எடுத்தவருக்கு இந்த ஸ்கேன் சில வாரங்களுக்குப் பயன்படாது.

அல்ட்ராசவுண்டில் அளவைவிடத் தோற்றம் முக்கியம். திடமாக, கருமையாக, ஓரம் ஒழுங்கற்று, அகலத்தைவிட உயரம் கூடி, உள்ளே பொடிப்பொடியாகச் சுண்ணப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். இந்தத் தோற்றத்துக்கு மதிப்பெண் போட்டு 1 முதல் 5 வரை நிலை பிரிக்கும் டைராட்ஸ் கணக்கில் 5ஆம் நிலைக்கு 1 செ.மீ., 4க்கு 1.5, 3க்கு 2.5 செ.மீ. முதல் ஊசிப் பரிசோதனை. 1, 2க்கு வேண்டாம். முழுக்க நீர்க்கட்டி என்றால் நிம்மதி.

25 அல்லது 27 கேஜ் ஊசியை அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி திடப்பகுதிக்குள் செலுத்துங்கள். நீர்ப்பகுதியை மட்டும் உறிஞ்சினால் செல் கிடைக்காது. குறைந்தது 6 கொத்து, கொத்துக்கு 10 ஃபாலிக்குலர் செல் (தைராய்டு ஹார்மோன் சுரக்கும் செல்) வேண்டும். இல்லாவிட்டால், செல் முடிவை 6 வகையாகப் பிரிக்கும் பெதெஸ்டா முறையில் 1 (செல் போதவில்லை) என்று திரும்பி வரும். 4ஆம் வகையில் (ஃபாலிக்குலர் கட்டி) ஊசியால் முடிவு சொல்ல முடியாது: உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்திருக்கிறதா என்பது அறுத்தெடுத்த கட்டியில்தான் தெரியும். 2 (சாதாரணம்) என்று வந்தும் அல்ட்ராசவுண்ட் தோற்றம் மோசமாக இருந்தால் ஓராண்டுக்குள் மறுபடி ஊசி போடுங்கள்.