ரீ.எல்.டி. பட்ஜை எங்கே மாட்டுவது?

வேலை முடிந்ததும் ரீ.எல்.டி. பட்ஜை (எக்ஸ்ரே வேலையில் நீங்கள் வாங்கும் கதிரின் அளவைப் பதிய உடலில் அணியும் பட்ஜ்) ஈய ஏப்ரனிலேயே விட்டு எக்ஸ்ரே அறைக்குள் தொங்கவிடாதீர்கள். அறைக்கு வெளியே, கொன்ட்ரோல் பட்ஜ் (ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் வைக்கும் பட்ஜ்) இருக்கும் அதே பலகையில் மாட்டுங்கள்.

உள்ளே கிடந்தால், நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் சிதறல் கதிர் உங்கள் பெயரில் ஏறும். கொன்ட்ரோல் பட்ஜில் பதியும் இயற்கைக் கதிரைத்தான் உங்கள் அளவிலிருந்து கழிக்கிறார்கள். இரண்டும் ஓரிடத்தில் இருந்தால்தான் கணக்குச் சரிவரும். மட்டக்களப்பு வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியில் வைப்பது இன்னும் மோசம்: பட்ஜுக்குள் கதிரைப் பதிந்து வைக்கும் லித்தியம் புளோரைட் சூடேறினால் பதிந்த அளவு குறையலாம், நீங்கள் வாங்கிய கதிர் அறிக்கையில் முழுதாக வராமல் போகலாம்.

திரையில் உடனே அளவு காட்டும் இலத்திரனியல் மானிக்கு இந்தக் கொன்ட்ரோல் பட்ஜ் கணக்குப் பொருந்தாது. அதை ஒவ்வொரு முறைவேலை முடிவிலும் வாசித்துப் பதிவேட்டில் எழுதவேண்டும்.